சாமி பேர் வைக்காத தெருக்கள்

திருப்பதியில் எதற்கும் பேர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பல்கலைக்கழகமா, ஸ்ரீ வெங்கடேஸ்வரா. பெரிய ஆஸ்பத்திரியா, அதுவும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா, பின்னால் ராம்நாராயண் ரூயா. 1983இல் பெண்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்தபோது தாயார் பத்மாவதி. கலைக்கல்லூரி கோவிந்தராஜருக்கு, காலனி பாலாஜிக்கு. ரயிலும் தப்பவில்லை. மெட்ராஸிலிருந்து வந்தால் சப்தகிரி, ஹைதராபாத் பக்கமிருந்து வந்தால் வெங்கடாத்ரி, நாராயணாத்ரி, பத்மாவதி. லாட்ஜ், மெஸ், பஞ்சர் கடை பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பழைய ஊரில் மட்டும் சில தெருக்களுக்கு மனுஷர்கள் பேர் உண்டு. காந்தி ரோடு, திலக் ரோடு, பிரகாசம் ரோடு, நேதாஜி ரோடு. மலைக்குப் போகிறவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. அவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அலிபிரிக்குப் போய்விடுவார்கள். சித்தூரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துபோன எங்களுக்குத் திருப்பதி என்றால் இந்தத் தெருக்கள்தான். புடவை, பாத்திரம், மூக்குக்கண்ணாடி, பல் வைத்தியர் எல்லாம் கீழ்த்திருப்பதியில். பெருமாளை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

சித்தூரில் தமிழ் பேசுகிற வீடுகள் இருப்பதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. வட ஆற்காட்டில் இருந்த ஊர் அது. 1911இல் அங்கிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து கொஞ்சம் பிய்த்துப் புது மாவட்டம் ஆக்கினார்கள். 1953இல் ஆந்திரா பிரிந்தபோது மாவட்டம் அந்தப் பக்கம் போயிற்று. 1960இல் திருத்தணி வட்டாரம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். நைனா வெல்ல மண்டியில் கணக்கு எழுதினார். மண்டியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். வேலூரிலிருந்து விகடன் ஒரு நாள் தாமதமாக வந்து சேரும்.

ஊரின் முக்கியமான தெருவுக்குப் பிரகாசம் ஹைரோடு என்று பேர். நாங்கள் ஹைரோடு என்றே நிறுத்திக்கொள்வோம். பிரகாசம் என்றால் டங்குடூரி பிரகாசம் பந்துலு, ஆந்திர கேசரி என்று தெலுங்கு வாத்தியார்தான் சொன்னார். 1928இல் சைமன் கமிஷன் வந்தபோது மெட்ராஸ் ஹைகோர்ட் பக்கத்தில், துப்பாக்கி நீட்டிய போலீசின் எதிரில் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டியவர். ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர். திருப்பதிக்குப் பல்கலைக்கழகம் வந்த 1954இல் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அதற்குத் தன் பேரை வைத்துக்கொள்ளாத மனுஷர். திருப்பதியில் வைத்துக்கொள்ளவும் முடியாது என்பது வேறு விஷயம்.

காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிப் படக்கடை இருந்தது. அங்கே போனால் நான் நகரமாட்டேன். கடைக்காரர் மர அளவுகோலைக் கண்ணாடி மேல் அழுத்தி, வைரமுனைக் கத்தியால் ஒரே இழுப்பு இழுப்பார். பல்லைக் கூச வைக்கிற சத்தம். பிறகு கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி கோடு போட்ட இடத்தில் பிரிந்து கையில் வரும். பின்புறம் அட்டை வைத்துச் சின்ன ஆணி அடித்து, மைதாப் பசையில் காக்கிக் காகிதம் ஒட்டி வெயிலில் சாய்த்து வைப்பார். வரிசையாகப் பெருமாள், அலமேலு மங்கைத் தாயார், ஜிகினா ஒட்டிய பெருமாள், ஜிகினா ஒட்டாத பெருமாள். கடைசியில் சுவர் ஓரமாக நேதாஜி. பட்டாளத்துத் தொப்பி, வட்டக் கண்ணாடி, சல்யூட் அடிக்கிற கை. பெருமாளுக்கு அடிப்பது போலவே இருக்கும்.

“இதெல்லாம் யார் வாங்கறாங்க அண்ணா?” என்று நைனா கேட்டார்.

“ஜனவரி, ஆகஸ்ட்டில் ஸ்கூல்காரங்க வருவாங்க. மத்த நாளில் சலூன்காரங்க” என்றார் அவர். “போஸ் பாபு படம் மாட்டினா கடைக்கு ஒரு தைரியம்.”

உண்மைதான். எங்கள் ஊர் சலூனில் ஒரு பக்கம் என்.டி.ஆர்., ஒரு பக்கம் ஏழுமலையான், நடுவில் கண்ணாடிக்கு மேலே போஸ். காந்தி படத்தை எந்தச் சலூனிலும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் 15க்கு வேஷம் போடுகிற பையன்களிடையே இரண்டே கட்சி. ஒன்று போஸ், இன்னொன்று அல்லூரி சீதாராம ராஜு. இருவரும் ஒரே வருஷத்தில், 1897இல் பிறந்தவர்கள். ஜனவரி 23 ஒருவர், ஜூலை 4 மற்றவர். அல்லூரி 1922 ஆகஸ்ட்டில் சிந்தப்பள்ளி, கிருஷ்ணதேவிப்பேட்டை, ராஜவொம்மங்கி போலீஸ் நிலையங்களுக்குள் மலைவாழ் மக்களோடு புகுந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போனவர். 1924 மே 7இல் சுட்டுக் கொன்றார்கள். 1974இல் கிருஷ்ணா நடித்த படம் வந்த பிறகு எல்லாப் பையன்களுக்கும் காவி வேட்டியும் வில்லும்தான் வேண்டும். ஒட்டுத்தாடி கிடைக்காதவன் போஸ் ஆவான். எனக்கு என்.சி.சி.யில் இருந்த அண்ணன் உடுப்பு, தாத்தாவின் உடைந்த மூக்குக்கண்ணாடி. கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. மேடையில் கொடிக்கம்பத்துக்குப் பதில் தலைமையாசிரியரின் மனைவிக்கு சல்யூட் அடித்தேன்.

மெட்ராஸுக்குப் போனாலும் இதே பேர்கள் விடாது. அப்போது வெளியூர் பஸ்கள் நின்ற இடம் எஸ்பிளனேடு. நைனா வெல்லப் பாக்கி வசூலிக்கக் கொத்தவால் சாவடிக்குப் போவார், கோடை விடுமுறை என்றால் நானும் ஒட்டிக்கொள்வேன். இறங்கினால் எதிரே என்.எஸ்.சி. போஸ் ரோடு, அதிலிருந்து வடக்கே பிரிகிற பிராட்வேக்குப் பலகையில் பிரகாசம் சாலை. சித்தூர் ஹைரோட்டில் பஸ் ஏறி, பிரகாசத்தின் பேர் உள்ள இன்னொரு தெருவுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறோம். நைனாவோ சைனா பஜார் என்றுதான் சொல்வார், போஸ் ரோட்டின் பழைய பேர் அது. பூக்கடை போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டும்போது மூட்டை தூக்குகிறவர், கைவண்டிக்காரர், வக்கீல் குமாஸ்தா எல்லாரும் நம்மேல் இடித்துக்கொண்டுதான் போவார்கள். ஒருவருக்கும் போஸ் நினைப்பு கிடையாது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மாலை போட வருஷத்துக்கு ஒரு நாள் ஆள் வருகிற சிலையைவிட, நாளெல்லாம் வியர்வை நாறுகிற தெரு அந்த மனுஷருக்குப் பொருத்தம்.

மெட்ராஸுக்கு அவர் அந்நியரும் அல்ல. 1932இல் இங்கே பெனிடென்ஷியரி ஜெயிலில் வைத்திருந்தார்கள். 1939 செப்டம்பர் 3 அன்று கடற்கரைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கிய செய்தி அவர் கைக்கு வந்தது. நாலு வருஷம் கழித்து 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தபோது, அவர் படையில் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தவர்.

எங்கள் பழைய மாவட்டத்தோடும் அவருக்கு ஒரு முடிச்சு உண்டு. தாகூர் 1919 பிப்ரவரியில் மதனப்பள்ளி பிரம்மஞான சபைக் கல்லூரியில் தங்கியபோதுதான் ஜன கண மன பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதினார். 1942இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் போஸின் ஆட்கள் அதைத் தேசிய கீதமாக வாசிக்க வைத்தார்கள், இந்தியா அதை ஏற்பதற்கு ஏழு வருஷத்துக்கும் முன்பே. மதனப்பள்ளியில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் தாகூரோடு நிறுத்திவிடுவார்கள். ஹாம்பர்க் வரைக்கும் யாரும் போவதில்லை.

2022 ஜனவரியில் மாவட்டங்களைப் பிரிக்கப்போவதாக அரசு அறிவித்தபோது, திருப்பதிக்கு அவர்கள் முதலில் எழுதிய பேர் ஸ்ரீ பாலாஜி மாவட்டம். வேறு என்ன எழுதுவார்கள்? கடைசியில் ஏப்ரல் 4 அன்று வெறும் திருப்பதி மாவட்டமாக வந்தது. சித்தூர் சித்தூராகவே நின்றது, சுற்றளவு மட்டும் சிறுத்தது. அதே நாளில் வடக்கே பாடேருவைத் தலைநகராக வைத்து அல்லூரி சீதாராம ராஜுவுக்கு ஒரு மாவட்டம் கிடைத்தது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் ஆர்.ஆர்.ஆர். படம் வந்திருந்தது, அல்லூரியாக ராம் சரண். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த பாட்டை எழுதியவருடைய முழுப்பேர் கனுகுண்ட்ல சுபாஷ் சந்திரபோஸ். தெலுங்குக் குடும்பங்கள் அந்தப் பேரைத் தெருப் பலகையோடு விட்டுவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது.

கொத்தவால் சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2002இல் வெளியூர் பஸ்களும் அங்கே போயின. திருப்பதி பஸ்கள் 2018இல் மாதவரத்துக்குத் தள்ளிப் போயின. போஸ் ரோட்டில் கால் வைக்காமலே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சென்னையில் படித்து வேலையும் தேடிக்கொள்கிறார்கள். போன வருஷம் அண்ணன் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் வேஷம். உடுப்பு வாடகைக் கடையில் போஸ் தொங்கிக்கொண்டிருந்தார், தொப்பி, பெல்ட், கண்ணாடி சகிதம், யாரும் தொடாமல். அல்லூரி வேஷத்துக்கு முன்பதிவு. எங்கள் பையனுக்கும் அதுதான் வேண்டும் என்று ஒரே அடம். “ஆகஸ்ட் 16க்கு வேணும்னா தரேன் சார்” என்றார் கடைக்காரர்.