இருந்த வீடுகளும் இடம் தந்த பெண்களும்

"உங்கள் வீடு எது?" என்று யாராவது கேட்டால் எங்களிற் பலருக்கு உடனே மறுமொழி வருவதில்லை. பிறந்த வீடா, படித்த காலத்தில் தங்கிய வீடா, இடம்பெயர்ந்து ஒதுங்கிய வீடா என்று மனம் தடுமாறும். பத்தொன்பது வயதிலிருந்து முப்பது வயதுவரை நான் இருந்த வீடுகளை அண்மையில் எண்ணிப் பார்த்தேன். நினைவில் நிலைத்து நிற்பவை நான்கு. அவற்றில் மூன்று எங்களுடையவை அல்ல. ஆனாலும் அந்த மூன்றும் இல்லாவிட்டால் நான் படித்திருக்கவும் முடியாது, ஆசிரியையாக வந்திருக்கவும் முடியாது.

முதலாவது மயிலிட்டியில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த கல்வீடு. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணோடு வருவது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலேயே தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குச் சேரும் வழக்கம் பதியப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு வீடு பறிபோனால் அந்த இழப்பு முதலில் பெண்ணுக்குத்தான். 1990 யூனில் சண்டை மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினோம். "ஒரு கிழமையால திரும்பிடலாம்" என்று சொல்லி அம்மா சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

பெற்றோர் மானிப்பாயில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்க, 1992இல் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தேன். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவில் 1974இல் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகியது அது. விடுதியில் எல்லாருக்கும் இடமில்லை. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கங்களில் அறை எடுத்தே பலர் படித்தோம். நாங்கள் மூன்று பேர் கலட்டியில் ஒரு அன்ரியின் வீட்டில் இருந்தோம். கணவனை இழந்தவர். எங்கள் வாடகையில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகளின் படிப்பும் நடந்தது.

அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பெரும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் மெல்லிய திரி எரியும் விளக்கைச் சுற்றி மூன்று பேரும் இருந்து படிப்போம். பனம்பழத்தால் உடுப்புத் தோய்ப்போம். விமானச் சத்தம் கேட்டால் குறிப்புக் கொப்பியோடு பின்வளவுப் பங்கருக்குள் இறங்குவோம். அப்பா வாடகை அனுப்ப முடியாமற்போன மாதங்களில் நான் அன்ரியின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "வாடகை ஓடிப் போகாது பிள்ளை. நீ சோதனையைப் பார்."

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு அந்த வீட்டையும் விட்டோம். இலட்சக்கணக்கான மக்கள் மழையில் செம்மணியூடாக நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். நாங்கள் மீசாலையில், முன்பின் அறியாத ஒருவரின் வீட்டில் தங்கினோம். இரண்டு அறைகளில் பதினொரு பேர். வீட்டுக்கார அம்மா தன்னுடைய அறையைப் பெண்பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு விறாந்தையில் படுத்தார். கிணற்றடியில் நாங்கள் குளிப்பதற்குக் கிடுகினால் மறைப்புக் கட்டித் தந்தார். தண்ணீர் வற்றிவிடும் என்று அயலவர் ஒருவர் முறையிட்டபோது, "வத்தினால் எல்லாருக்கும்தானே வத்தும்" என்றார். இடம்பெயர்ந்த பெண்ணுக்கு அந்த மறைப்பும் அந்தத் தண்ணீரும் எவ்வளவு பெரிய விடயம் என்பதை இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1996இல் வலிகாமம் திரும்பி, படிப்பை முடித்து, 1999இல் வடமராட்சிப் பாடசாலை ஒன்றில் நியமனம் பெற்றேன். கரவெட்டியில் ஒரு சிறிய அறை. என் சம்பளத்தில் நானே வாடகை கொடுத்த முதலாவது அறை அதுதான். ஒரு கட்டில், ஒரு மேசை, மண்ணெண்ணெய் அடுப்பு. கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போடும்போது வந்த நிம்மதியை இன்றும் நினைக்கிறேன். 2000 மே மாதத்தில் தென்மராட்சியில் சண்டை மூண்டது. சாவகச்சேரிப் பட்டினம் உருக்குலைந்தது. மீசாலை அம்மாவும் மகளும் ஒரு பையோடு என் வாசலில் வந்து நின்றார்கள். நான்கு மாதங்கள் அந்தச் சிறிய அறையில் மூவரும் இருந்தோம். கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நானும் மகளும் பாய் விரித்துக்கொண்டோம். ஆள் கூடியதற்கு வீட்டுக்காரப் பெண்மணி ஒரு சதமும் கூடுதலாகக் கேட்கவில்லை.

27 ஆண்டுகளுக்குப் பின், 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணிகளில் ஒரு பகுதியும் விடப்பட்டன. எங்கள் காணியும் அதற்குள் வந்தது. பற்றைகளை விலக்கிக்கொண்டு போனேன். நிலமும் கிணற்றுக்கட்டும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அந்தச் சாவி இன்னமும் என்னிடம் இருக்கிறது. அது திறக்கும் கதவு இல்லை. அதைப் பார்க்க அம்மாவும் இல்லை. ஆனால் அவர் ஒவ்வொரு இடப்பெயர்விலும் காவித் திரிந்த உறுதி இருந்தபடியால் எல்லையைக் காட்ட முடிந்தது. உறுதி தொலைந்த சகோதரிகள் மனம் தளர வேண்டாம். பதியப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்டுப் பெறலாம். பெற்றதும் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் கலட்டி வீட்டுக்கும் மீசாலை வீட்டுக்கும் கரவெட்டி அறைக்கும் என்னிடம் எந்தப் பத்திரமும் இல்லை. அங்கே எனக்கு இடம் தந்த பெண்களைப் பற்றி எந்தப் பதிவகத்திலும் எழுதியிருக்காது. எனவே ஒரு கொப்பியில் வீடு, ஊர், ஆண்டு, அந்தப் பெண்ணின் பெயர், அவர் செய்த உதவி என்று எழுதி வைத்திருக்கிறேன். மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். நீங்களும் ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு இருந்து உங்களுக்கு இடம் தந்தவர்களை எழுதிவையுங்கள். அவர்களில் யாராவது இன்னும் இருந்தால், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.