கல்லான மரமும் கரியான மரமும்

கோபுரங்களையும் கோட்டைகளையும் காண நம்மவர் குடும்ப சகிதமாக எத்தனையோ காதம் பிரயாணம் செய்கிறார்கள். மனிதனே பிறவாத காலத்துச் சின்னங்கள் நம் காலடியில் கிடப்பதை அறிந்தவர் மிகச் சிலரே. திருவக்கரையில் தொடங்கி, நெய்வேலி வழியாக, அரியலூர் வரை ஒரு முறை போய் வந்தால் இவ்வுண்மை விளங்கும்.

விழுப்புரம் ஜில்லாவிலுள்ள திருவக்கரைக்குச் செல்வோர் பெரும்பாலும் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கவே செல்கிறார்கள். நாமும் தரிசனத்தை முடித்துக்கொண்டு, அருகிலிருக்கும் கல்மரப் பூங்காவை அடைந்தோம். செம்மண் மேட்டில் அடிமரங்கள் விழுந்து கிடக்கின்றன. சில ஐம்பது அடி நீளம் வரை இருக்கின்றன. பட்டையின் வரிகளும் முடிச்சுகளும் அப்படியே தெரிகின்றன. தொட்டுப் பார்த்தாலோ, பாறை! இவற்றுக்கு வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணிக்கிறார்கள். கிளையும் வேரும் இல்லாமையால், இவை வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்கிறார்கள். மண்ணில் ஊறிய நீர் சிலிகாவைக் கொணர்ந்து, மரத்தின் அணுத்தோறும் புகுந்து, அதைக் கல்லாக்கிவிட்டது. 1781-இலேயே ஸொன்னேரா என்ற பிரெஞ்சு யாத்திரிகர் இவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார்.

அங்கிருந்து பண்ருட்டி மார்க்கமாகத் தெற்கே வந்தோம். வழியெல்லாம் முந்திரித் தோப்பும் பலாவும் செம்மண்ணுமே. கடலூர் மணற்கல் என்று சாஸ்திரிகள் பெயரிட்ட அதே பாறைதான் திருவக்கரையின் கல்மரங்களைத் தாங்குகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியை மூடியிருப்பதும் அதுவே. அங்கே மரம் கல்லாயிற்று. இங்கே சதுப்பில் அமிழ்ந்து, காற்றுப் படாமல் அழுந்தி, கரியாயிற்று. ஒரே மண்ணுக்குத்தான் எத்தனை வித்தை!

நெய்வேலி நகரியம் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டு, மரநிழல் வீதிகளோடு விளங்குகிறது. சுரங்கத்தின் விளிம்பில் நின்றால் தலை சுற்றும். வீட்டைவிடப் பெரிய சக்கரங்கள் வாளி வாளியாக மண்ணைச் சுரண்டுகின்றன. கரிக்கு அடியில் அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் இருக்கிறது. அதை அல்லும் பகலும் இறைத்துத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும்.

இவ்வளவுக்கும் மூலம் ஒரு கிணறு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார்; நீரோடு கரிய துணுக்குகளும் வந்தன. அவர் அலட்சியம் செய்யாமல் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிற்பாடு 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் வழங்கினார். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே அக்கரி மின்சாரமாகிவிட்டது.

விருத்தாசலம் கடந்து அரியலூர் ஜில்லாவுக்குள் புகுந்தால், காலம் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு காலத்தில் கடல் பரவியிருந்த நிலம் இது. சங்கினப் படிவங்கள் மண்ணிலேயே அகப்படுகின்றன. இங்கே கல்லமேடு என்னுமிடத்தில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் வர்ணித்து, 'பிருஹத்காயோஸாரஸ்' என்று ஒரு டைனோசாருக்குப் பெயரிட்டார்கள். உலகில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் ஒன்றாக அது இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். அவை எலும்பே அல்ல, கல்லான மரமே என்று ஐயுற்றவர்களும் உண்டு. சோதித்து அறியலாம் என்றால், அந்த எலும்புகளே இன்று இல்லை! நொறுங்கி மண்ணாகிவிட்டன. எஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தாம். ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பூமாதேவி பத்திரமாக வைத்திருந்ததை நம்மால் சில ஆண்டுகள் காக்க முடியவில்லை.

இந்த நஷ்டம் எலும்போடு நிற்கிறதா? நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. அவற்றின் கோயில்கள், குளங்கள், களத்துமேடுகள் எல்லாம் மண்ணோடு போயின. சுரங்கம் இன்னும் விரிகிறது. 2023-இல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலிலே, கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. தேசத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வெளிச்சத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டு எழுந்தவர்களின் சரித்திரமும் எழுதப்பட வேண்டாமா? ஊரைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு ஊர்ப் பெயர்களையும் தெருக்களையும் குறித்துவைக்க இதுவே தருணம்.

திருவக்கரை மரங்களுக்கு வேலி உண்டு, காவலும் உண்டு. ஆகவே அவை நம் பேரர்களுக்கும் கிடைக்கும். மற்றவற்றுக்கும் அந்தப் பாக்கியத்தைத் தேடித் தருவது நம் கடமை. அடுத்த விடுமுறையில் குழந்தைகளை இவ்வழியே அழைத்துச் செல்லுங்கள். பார்த்தவர்களுக்குத்தானே காக்கவும் தோன்றும்!