“எங்க மாட்டப் போறீங்க?”

பழவேற்காட்டில் உப்புக்குத் தப்பிய பொருள் கிடையாது. சைக்கிள் செயின், கதவுக் கீல், படகில் அடித்த ஆணி, ஜன்னல் கம்பி எதுவானாலும் ஏரிக்காற்று நாலு மாதத்தில் தின்ன ஆரம்பித்துவிடும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஏரிக்கரைக் குப்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் அதை மறந்து ஒரு பொருளைச் செய்து விற்றார். ஒரு விவசாயியின் குளத்து இறால் ஒரே இரவில் செத்து மிதந்த பிறகுதான் அது அவருக்கு நினைவு வந்தது.

அப்பா ஏரியில் வலை போடுகிறவர். மகன் ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். படகுகளில் எரியும் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகளைச் சரிசெய்வதில் தொடங்கிய தொழில் அது. பேட்டரி வடிந்துவிடாமல் காக்கும் சின்ன சர்க்கியூட்டுகளைப் பிறகு வீட்டிலேயே செய்து கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் பொன்னேரிப் பக்கம் இறால் குளம் வைத்திருந்த ஒரு பெரியவர் அவரைத் தேடி வந்தார். நெல் விவசாயி. உவர் ஏறிய நிலத்தில் முறையாகப் பதிவு செய்து குளம் வெட்டியிருந்தார். கரையில் தென்னை.

“ராத்திரி கரண்ட் போனா எனக்குத் தெரியணும் தம்பி. அதுக்கு ஒரு சங்கு மாதிரி எதாவது செஞ்சு குடு” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பகலில் குளத்துப் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அந்தப் பாசியும் இறாலோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால், உடனே ஜெனரேட்டரைப் போட வேண்டும். தூங்கிவிட்டால் முதல் போச்சு.

இளைஞர் செய்த பெட்டி எளிமையானது. மூன்று பேஸுக்கும் தனித்தனி ரிலே. எந்த பேஸ் போனாலும் அதன் ரிலே விழும். உடனே 12 வோல்ட் பேட்டரி சைரனோடு சேர்ந்து அலறும். இதையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைக்கும் பலகைதான் காப்பர் கிளாட் போர்டு. ஒரு பக்கம் மெல்லிய செம்புத் தகடு ஒட்டிய அட்டை. வேண்டிய கோடுகளை மட்டும் மறைத்துவிட்டு ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், மற்ற இடத்துச் செம்பு கரைந்துபோகும். மிஞ்சும் செம்புக் கோடுகளே ஒயர்கள்.

போர்டு வாங்க அவர் பொன்னேரியில் ரயில் ஏறி, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனார். ரெசிஸ்டரிலிருந்து ரேடியோ வால்வு வரை கிடைக்கும் தெரு. ஒரு கடையில் பழுப்பு நிறப் போர்டு இருந்தது. பக்கத்திலேயே வெளிர்பச்சை நிறப் போர்டும் இருந்தது. பழுப்பு விலை குறைவு, வெட்டவும் சுலபம். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. இவரும் எதையும் கேட்கவில்லை. பழுப்பைக் கட்டாக வாங்கி வந்து பதினொரு பெட்டி செய்து விற்றார்.

சங்கு ஊதாத இரவு

பெட்டி மாட்டி ஏழு மாதம் கழித்து, ஆவணி மாதத்து ஓர் இரவில் இரண்டு மணிவாக்கில் மின்சாரம் போனது. பெட்டி வாய் திறக்கவில்லை. விடிகாலையில் பெரியவர் எழுந்து வந்தபோது இறால்கள் கரையோரமாக மேலே வந்து தவித்துக்கொண்டிருந்தன. ஜெனரேட்டரைப் போடுவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

செய்தி கேட்டு இளைஞர் ஓடினார். பெரியவர் திட்டவில்லை. “சங்கு ஊதும்னு நம்பித் தூங்கிட்டேன் தம்பி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இளைஞருக்கு.

பெட்டியைத் திறந்து பார்த்தார். போர்டு ஈரம் குடித்து உப்பியிருந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்திலிருந்து சைரனுக்குப் போகும் செம்புக் கோடு பச்சையாகப் பூத்து, ஓர் இடத்தில் முழுவதுமாக அறுந்திருந்தது. உப்பும் ஈரமும் படிந்த போர்டில் எந்நேரமும் பேட்டரி மின்சாரம் இருந்தால், பாசிட்டிவ் பக்கத்துச் செம்புதான் முதலில் கரையும். மின்முலாம் பூசும் தொட்டியில் செம்புத் தகடு கரைவதும் இப்படித்தான். பெட்டிக்குள்ளே ஏழு மாதமாக அந்த வேலை மெதுவாக நடந்திருக்கிறது.

இன்னும் பத்துப் பெட்டிகள் பத்துக் குளங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. அன்று மாலையே எல்லோருக்கும் போன் போட்டார். “அந்தப் பெட்டிய நம்பித் தூங்காதீங்க. புதுசு குடுக்குறேன், காசு வேணாம்” என்றார். வீட்டில் அம்மா கேட்டார்: “கேக்காதவங்களுக்கு எதுக்குடா நீயே போன் பண்ணிச் சொல்ற?” புது வலைக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்த அப்பாதான் பதில் சொன்னார்: “ஓட்டை வலையத் தெரிஞ்சே வித்தா அது வியாபாரமா?”

போர்டைப் படித்த கதை

மறுபடியும் ரிச்சி தெரு. இந்த முறை அவர் கடைகடையாக ஏறிக் கேட்டார்.

பழுப்பு நிறப் போர்டு, காகிதத்தை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தது. கடைகளில் ‘ஹைலம்’ என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். வகுப்பறைப் பயிற்சிக்கும், உலர்ந்த இடத்தில் வைக்கும் சிறு பொருள்களுக்கும் அது போதும். காகிதம் என்பதால் வெட்டிய ஓரத்திலும் துளையிலும் ஈரத்தை இழுக்கும். வெளிர்பச்சையோ வெளிர்மஞ்சளோ உள்ள போர்டு, கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி பிசினில் சேர்த்துச் செய்தது. ‘கிளாஸ் எபாக்ஸி’ என்றோ ‘எஃப்.ஆர்.4’ என்றோ கேட்க வேண்டும். விலை கூடுதல். ஆனால் மிகக் குறைவாகத்தான் ஈரம் குடிக்கும்.

செம்பு இல்லாத ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிப் போர்டில் ஒளி மங்கலாக ஊடுருவும், துணி நெசவும் தெரியும். வழக்கமான கனம் 1.6 மில்லிமீட்டர். அதன் மேல் உள்ள செம்பு பெரும்பாலும் 35 மைக்ரான், அதாவது சதுர அடிக்கு ஓர் அவுன்ஸ், சுமார் 28 கிராம். சில கடைகளில் பெரிய போர்டில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடைக்குத் தருகிறார்கள். மலிவுதான். ஆனால் ஒரே குவியலில் ஹைலமும் கண்ணாடியும், ஒருபக்கமும் இருபக்கமும் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்க வேண்டும். செம்பு உரிந்து எழும்பியிருந்தால் தள்ளிவிட வேண்டும். வெறும் கறுப்புக் கறை என்றால் கவலையில்லை.

அந்தக் கறையைப் போக்க வழி சொன்னது அம்மா. “செம்புக் குடத்துக்குத் தேய்க்கிற புளியப் போட்டுத் தேயேன்” என்றார். புளித்தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசித் துடைத்தால் செம்பு புதுசுபோல் வந்தது. உப்பு மட்டும் சேர்க்கக் கூடாது. அதன்பின் விரல் ரேகையும் படக் கூடாது.

போர்டை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் அவருக்குப் புரிந்தது. திறந்த செம்பு எந்தப் போர்டில் இருந்தாலும் உப்புக்காற்று விடாது. அதனால் கோடுகள் முழுவதும் ஈயம் பூசினார். பற்றவைத்த பசையைத் துடைத்து எடுத்துவிட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் காற்றில் உலரும் இன்சுலேஷன் வார்னிஷை இரண்டு கோட்டிங் அடித்தார். பேட்டரியின் கோடுகளுக்கு நடுவே இடைவெளியை அதிகமாக்கினார். பெட்டிக்கு வெளியே ஒரு சோதனைப் பொத்தானும் வைத்தார். பதினொரு பெட்டியும் இரண்டு மாதத்துக்குள் மாறின.

மயில்துத்தம் சொன்ன பாடம்

புதுப் பெட்டியை வாங்கப் பெரியவரே குப்பத்துக்கு வந்திருந்தார். வீட்டுப் பின்புறம் பிளாஸ்டிக் தட்டில் பச்சை நிறத்தில் ஏதோ இருந்ததைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

“போர்டு கரைச்ச தண்ணிங்க ஐயா.”

“இதை எங்க ஊத்துற?”

இளைஞர் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார். அந்த வாய்க்கால் ஏரியில் போய்ச் சேருகிறது.

பெரியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “தென்னைக்குக் குருத்தழுகல் வந்தா போர்டோ கலவை அடிப்போம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணி. மயில்துத்தம்னா செம்புதான். அந்த டிரம்மைக் கழுவின தண்ணியக்கூட நான் குளத்துப் பக்கம் விடமாட்டேன். மீன் செத்துரும். நீ செம்பைக் கரைச்சு ஏரியிலயே விடுறியே!”

இளைஞர் அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் போர்டில் உள்ள செம்பு நாலரை கிராமுக்குச் சற்று அதிகம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 3 கிராம், கரைந்து தண்ணீரில் சேருகிறது. இந்தியத் தரக்கட்டுப்பாட்டு அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கும் செம்பின் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 3 கிராம் செம்பு 60,000 லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் ஐந்து. ஒரே ஒரு போர்டுக்கு! மனிதர் தாங்கும் அளவைவிடக் குறைந்த செம்பையே மீன் குஞ்சும் இறால் குஞ்சும் தாங்காது. அவர் அப்பா பாடு முறைப்படி தன் முறைக்குக் காத்திருந்து வலைபோடும் ஏரி அது.

தீர்வும் பெரியவரிடமிருந்தே வந்தது. போர்டோ கலவையில் செம்பு அடங்கிவிட்டதா என்று விவசாயிகள் பார்க்கும் பழைய வழி ஒன்று உண்டு. பளபளப்பாகத் தீட்டிய அரிவாளைக் கலவையில் சிறிது நேரம் நனைத்து எடுப்பார்கள். இரும்பில் சிவப்பாகச் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அதையே இங்கேயும் செய்தார்கள். தீர்ந்துபோன கரைசலில் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதும் நுரைத்துச் சூடேறி, சேறு போல அடியில் தங்கியது. அரிவாளில் சிவப்பு படியாத வரைக்கும் சுண்ணாம்பு சேர்த்தார்கள்.

இப்போது அவர் அந்தத் தெளிந்த நீரையும் ஏரிக்கு விடுவதில்லை. தார்ப்பாய் மூடிய நிழலில் மழை படாத தொட்டியிலேயே வற்ற விடுகிறார். காய்ந்த சேற்றை மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு சுத்திகரிப்பு வசதியுள்ள சென்னை பி.சி.பி. பட்டறை ஒன்றில் கொடுத்துவிடுகிறார்.

முதல் கேள்வி

பொன்னேரிப் பக்கத்து பாலிடெக்னிக் மாணவர்கள் இப்போது போர்டுத் துண்டு வாங்க அவரிடம் வருகிறார்கள். ரயில் செலவு அவர்களுக்கு மிச்சம். யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எங்க மாட்டப் போறீங்க?” வகுப்புக்கு என்றால் ஹைலம் கொடுக்கிறார். படகுக்கோ பம்ப்செட்டுக்கோ குளத்துக்கோ என்றால் கண்ணாடிப் போர்டு மட்டுமே. விலை கேட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகப் பழுப்பை எடுத்து நீட்டுவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு மழை இரவில் மறுபடி மின்சாரம் போனது. காலையில் பெரியவர் போன் செய்தார். “ஊதிச்சு தம்பி. ஊரே எழுந்துருச்சு” என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் பழைய பெட்டியையும் நான் மாசம் ஒரு தடவை மெயினை அணைச்சுப் பாத்திருக்கணும். தப்பு உன்னது மட்டும் இல்ல” என்றார்.

வாசகர்கள் கவனத்துக்கு

• ஃபெரிக் குளோரைடு தூளைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் தட்டு மட்டுமே ஏற்றது. எவர்சில்வரும் அலுமினியமும் அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

• கண்ணாடிப் போர்டை வெட்டும்போதும் துளையிடும்போதும் வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் கட்டி, ஈரப்படுத்தி வெட்டுங்கள்.

• தீர்ந்த கரைசலைக் கிணறு, குளம், வயல், கழிவுநீர்த் தொட்டி எதிலும் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு சேர்த்த பிறகு வரும் சேற்றையும் உரக்குழியில் போடக் கூடாது.

• மூன்று பேஸ் மின்சாரத்தில் எந்தப் பெட்டியையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே இணையுங்கள்.

• எச்சரிக்கைச் சங்கு எங்கே வாங்கியதானாலும், மாதம் ஒருமுறை மெயினை அணைத்து ஊதுகிறதா என்று பாருங்கள்.