கையில் வாங்கிப் பார்க்கும் கத்தி

கத்தியின் தரத்தில் பெரும்பகுதி படத்தில் தெரியாது. அலகின் வளைவும் பிடியின் மரமும் தெரியும். எடை எங்கே நிற்கிறது, பிடி உள்ளங்கையில் எப்படி அமர்கிறது என்பதெல்லாம் கையில் வாங்கினால்தான் விளங்கும். கத்திக் கண்காட்சிகளுக்கு ஆட்கள் தேடி வருவது இதற்காகத்தான். அமெரிக்காவில் அட்லாண்டா பகுதியில் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் மூன்று நாள் நடந்துவரும் பிளேட் ஷோ இவற்றில் பெரும் பெயர் பெற்றது. அங்கே கத்தியைச் செய்தவரே பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் இருப்பார்.

கேட்டுவிட்டே கத்தியை எடுக்க வேண்டும். அலகில் விரல் படக் கூடாது. கார்பன் எஃகில் வியர்வை பட்டால் சில மணி நேரத்திலேயே கறை ஏறிவிடும். முதுகுப்புறத்தைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தால் அலகு கோணியிருப்பது தெரியும். அலகும் கைக்காப்பும் கூடும் இடத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தாலும் பொருத்தம் சரியில்லை என்று பொருள். ஈரமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

ஆனால் கைக்கும் எட்டாத ஒன்று உண்டு: தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த எஃகு கடினமாகும், கூடவே கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறும். அதன்பின் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து அந்த நொறுங்கும் தன்மையைத் தணிக்கிறார்கள். இதில் பிழை நேர்ந்திருந்தால், எவ்வளவு பளபளப்பாகத் தீட்டினாலும் மேலே தெரியாது.

1976இல் பில் மோரன் முதலானோர் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் தேர்வு இந்த மறைந்த குணத்தைத்தான் சோதிக்கிறது. முதல் நிலைத் தேர்வில், தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டடச் சட்டத்துக்கான மரக்கட்டையை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதே வெட்டுவாயால், மறுபடி தீட்டாமல், கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் அலகைப் பிடிகருவியில் இறுக்கி 90 பாகை வளைப்பார்கள். வாயில் விரிசல் விடலாம், அலகு இரண்டாக முறியக் கூடாது. வாயைக் கடினமாகவும் முதுகை மென்மையாகவும் விட்ட கொல்லரே இதைத் தாண்டுவார். பெரும் உழைப்பில் உருவான கத்தி அங்கேயே பாழாகிறது. இதைவிட நேர்மையான தேர்வு கைத்தொழில்களில் அரிது. தேறியவர் செய்து கொண்டுவரும் ஐந்து கத்திகளின் வேலைப்பாட்டை மூத்த கொல்லர்கள் அட்லாண்டா கண்காட்சியில் மதிப்பிடுகிறார்கள். கத்தி சேகரிப்பவர்கள் அலகில் பொறித்த ‘ஜே.எஸ்.’ (முதல் நிலைக் கொல்லர்), ‘எம்.எஸ்.’ (மூத்த கொல்லர்) முத்திரைகளைத் தேடுவது இதனால்தான்.

மேசைகளில் கண்ணைப் பறிப்பவை டமாஸ்கஸ் அலகுகள். 1973இல் ஒரு கண்காட்சியில் மோரன் இவற்றை வைத்த பிறகே அமெரிக்கப் பட்டறைகளில் இந்த வேலை பரவியது. இருவகை எஃகைப் பற்றவைத்து மடித்தடித்து, அமிலத்தன்மையுள்ள கரைசலில் தோய்த்தால், நிக்கல் கலந்த அடுக்கு வெளுத்தும் மற்றது கருத்தும் நிற்கும். பழைய கீழை நாட்டு வாள்களின் அலை வரி வேறு வகை. அது தென்னிந்தியாவிலிருந்து ஏற்றுமதியான மூசை உருக்கில் தானே விளைந்தது. கொடுமணல் அகழாய்விலும் அத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. புளோரிடா கொல்லர் ஆல்பிரட் பெண்ட்ரேயும் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் அந்த வரியை மீண்டும் வரவழைத்து, எஃகில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களே அதற்குக் காரணம் என்று காட்டினார்கள்.

எந்த அழகு வரியும் தோய்ச்சலுக்குச் சான்றாகாது. ஆகவே வாங்குபவர் விலைக்கு முன் கேட்க வேண்டியவை: எந்த எஃகு, எதில் தோய்த்தது, எந்தச் சூட்டில் தணித்தது, இதே உலையில் செய்த கத்தி ஒன்றையாவது முறித்துப் பார்த்தாரா. தன் வேலையை அறிந்த கொல்லர் இவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்வார். பக்கத்து மேசைக்காரரும் எழுந்து வந்து கேட்டுக்கொண்டு நிற்பார்.