பேய்க் கரண்ட்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். 42 வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வெளியே பனி. காலை நடை கிடையாது, பேப்பர் கிடையாது. பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள், எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்திருந்தாள். 1960களில் செய்த சின்னப் பெட்டி. உள்ளே மூன்றே வால்வுகள்.

"தாத்தா, நீங்க பிசிக்ஸ் டீச்சர்தானே? இது 'ம்ம்ம்'னு ஒரே சத்தம். சரி பண்ணிக் கொடுங்க."

மாட்டிக்கொண்டேன். ஃப்ளெமிங் 1904ல் டயோடு வால்வு கண்டுபிடித்தார், லீ டி ஃபாரஸ்ட் 1906ல் மூன்றாவது மின்வாய் சேர்த்தார் என்று உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! ஆனால் போர்டில் சாக்பீஸால் வரைந்த வால்வைத் தவிர வேறு வால்வை நான் கையால் தொட்டதில்லை. இதைப் பேத்தியிடம் சொல்ல முடியுமா?

பெட்டியைத் திறக்கும் முன் காதை வைத்தே ஒரு சோதனை செய்தோம். "இந்த இரைச்சலின் சுருதி உன் கிட்டாரில் எங்கே இருக்கிறது என்று தேடு" என்றேன். ஐந்தாவது தந்தியில் முதல் கட்டையில் அழுத்தினால் கொஞ்சம் குறைவு, இரண்டாவது கட்டையில் கொஞ்சம் அதிகம் என்றாள். அந்தத் தந்தி சும்மா மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். முதல் கட்டை ஏறக்குறைய 116.5, இரண்டாவது 123.5. நடுவில் இருப்பது 120.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இங்கே வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். முழு அலை திருத்தியில் ஒவ்வொரு சுற்றின் இரண்டு பாதியும் ஒரே திசைக்குத் திரும்புவதால் அது 120 ஆகிவிடும். நம் ஊரில் 50 என்பது 100 ஆகும். இரைச்சல் 60ல் இருந்தால் இழை மின்சாரம், கேபிள், மண்ணிணைப்பு என்று தேட வேண்டும். 120 என்றால் முதல் சந்தேகம் மின்சாரத்தைச் சமப்படுத்தும் மின்தேக்கிகள் மேல்தான். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏரி மாதிரி நின்று நிரவுவது அவற்றின் வேலை. வயதாகி உள்ளிருக்கும் ஈரம் காய்ந்தால் ஏரி தூர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தோம். இரைச்சல் குறையவில்லை. எனவே கிட்டாரும் கேபிளும் குற்றவாளி இல்லை. அணைத்து, ஆறவிட்டு, முதல் நிலைப் பெருக்கி வால்வான 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிவிட்டுப் போட்டோம். அப்போதும் இரைச்சல். ஒருவேளை ட்ரான்ஸ்ஃபார்மரே அதிர்கிறதோ என்று, அடுத்து 6வி6 என்ற பவர் வால்வையும் கழற்றிவிட்டுப் போட்டேன். ஸ்பீக்கர் மௌனம். "பார்த்தாயா, மின்தேக்கிதான்!" என்று பேத்தியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். அடிப்பெட்டியைத் திருகு நீக்கி வெளியே எடுத்தேன். பேத்தி பக்கத்தில் குனிந்து, "தாத்தா, இதுவா?" என்று விரலை நீட்டினாள்.

அந்த நொடியில் எனக்கு ஒரு பையனின் குரல் கேட்டது. "சார், ஆஃப் பண்ணின செட்டும் ஷாக் அடிக்கும் சார்."

1983ல் பிளஸ் டூ படித்த பேட்ச்காரர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். மின்சுற்று நடத்திக்கொண்டிருந்தேன். சுற்று திறந்திருந்தால் மின்னோட்டம் இல்லை என்று சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து இதைச் சொன்னான். அவன் அப்பா திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட் போடுபவர். "ஆஃப் பண்ணி, பிளக்கையும் பிடுங்கின பிறகு எங்கப்பாவைத் தூக்கி அடிச்சுது சார்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கரண்ட் இல்லடா, பேய்!" வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்குப் "பேய்க் கரண்ட்" என்று பெயர் வைத்துவிட்டீர்கள். வைத்தது நீங்கள். எடுத்துக் கொடுத்தது நான்.

பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். மருமகனின் மல்டிமீட்டரைக் கொண்டுவரச் சொல்லி வைத்துப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியும் 210 வோல்ட் காட்டியது. கால் நடுங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அதே வருடம், அதே வகுப்பில், அந்தச் சமன்பாட்டை நானே நடத்தியிருக்கிறேன். அது வேறு பாடம், மைக் செட் வேறு உலகம் என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவு எட்டு மணிக்கு, அதாவது நம் ஊரில் காலை ஆறரைக்கு, பேட்ச் குழுவில் இருந்த எண்ணைத் தேடி அவனை அழைத்தேன். "சார், வணக்கம் சார்! அமெரிக்காவுலேர்ந்தா?" என்று அலறினான். இப்போது சவுண்ட் சர்வீஸ், ஜெனரேட்டர் வாடகை. ஆனாலும் அப்பாவின் வால்வு ஆம்ப் இரண்டை எடைக்குப் போட மனசு வராமல் வைத்திருக்கிறானாம்.

நடந்ததைச் சொன்னதும் வாத்தியார் என்றும் பாராமல் திட்டினான். "பவர் வால்வைக் கழட்டிட்டு ஏன் சார் ஆன் பண்ணினீங்க? லோடு இல்லாம வோல்டேஜ் எகிறும். ஆஃப் பண்ணினா சார்ஜ் இறங்கவும் வழி இல்ல. சூடான வால்வு மாட்டியிருந்தா அதுவே கொஞ்ச நேரத்துல குடிச்சிருக்கும். அதையும் நம்பக் கூடாது சார், மீட்டர் வெச்சுத்தான் பார்க்கணும்."

பிறகு இரண்டு வார இறுதிகள் அவன் வீடியோவில் பாடம் எடுத்தான், நான் மாணவன். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் பண்ணக் கூடாது, ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் கொஞ்சம் வோல்டேஜ் தானாக ஏறி வரும், அதனால் கிளிப்பை அப்படியே விட்டுவிட வேண்டும். இதில் ஒன்றைக்கூட நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மின்தேக்கிகள் புதிதாக மாற்றினோம். கொஞ்சம் பெரியதாகப் போட்டால் இரைச்சல் இன்னும் குறையுமே என்றேன். "திருத்தி வால்வுக்கு அடுத்த முதல் கெப்பாசிட்டரைப் பெருசாக்காதீங்க சார். ஒவ்வொரு தடவையும் அதை நிரப்ப அந்த 5ஒய்3 மூச்சு முட்டிப் போயிடும்" என்றான். அந்த வால்வின் தரவுத்தாளைத் தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

இரைச்சலைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருந்தது. அந்தக் காலப் பெட்டி என்பதால் இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. போதாததற்கு மின் இணைப்பிலிருந்து உலோக அடிப்பெட்டிக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டர். இங்கே ரிப்பேர்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'டெத் கேப்'. அது ஷார்ட் ஆனால் பெட்டி முழுக்க மின்சாரம். கேபிள் உறை வழியாகக் கிட்டார் தந்திகள் அந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கின்றன. வாசிக்கிற பிள்ளையின் விரல் தந்தியில். 1972ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். எர்த் என்பது எத்தனை பெரிய விஷயம்!

அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எறிந்துவிட்டு மூன்று கம்பி வயர் போட்டோம். "பச்சை எர்த், அடிப்பெட்டியில தனி போல்ட் போட்டு இறுக்குங்க. கருப்பு நியூட்ரல்" என்றான் அவன். பேத்தி உடனே, "நோ தாத்தா! இங்கே கருப்புதான் லைன், வெள்ளை நியூட்ரல்" என்றாள். போனில் ஒரு நிமிடம் அமைதி. பிறகு அவன், "பாப்பா சொல்றதுதான் சார் சரி. ஊருக்கு ஊர் கலர் மாறும். நான்தான் கேட்டிருக்கணும்" என்றான். அவள் சொன்னதை அவன் ஏற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. இதைச் செய்ய எனக்கு 1983ல் தெரியவில்லையே.

கடைசியாக 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து மின்சாரம் கொடுத்தோம். பல்பு பளிச்சென்று எரிந்தே நின்றால் உள்ளே ஷார்ட். எரிந்து மங்கினால் நல்லது. மங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தோம். வால்வுகள் செம்மஞ்சளாகக் கனிந்தன. இரைச்சல் இல்லை. பேத்தி வால்யூமை முழுக்கத் திருப்பி ஒரு மீட்டு மீட்டினாள். அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு வருகிற அந்தக் கரகரப்பை நான் 'உருக்குலைவு, தவிர்க்க வேண்டிய குறை' என்று நடத்தியிருக்கிறேன். அவளுக்கு அதுதான் இசையாம். இருக்கட்டும்.

கிட்டார் ஆம்ப் தொழிலின் முன்னோடி லியோ ஃபெண்டர் கூட 1938ல் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை தொடங்கியவர்தான். ஊர் நிகழ்ச்சிகளுக்கு மைக் செட் செய்து வாடகைக்கும் விட்டிருக்கிறார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. நம் கடைசி பெஞ்சுக்காரன் ஞாபகம்தான் வந்தது.

வேலை முடிந்ததும் அவனிடம் கேட்டேன், "அன்னிக்கு வகுப்புல நான் சொன்னது ஞாபகம் இருக்காப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கு சார். அப்பா கையில தீப்பட்ட தழும்பு இருந்துச்சு. ஏன் அடிச்சுதுன்னு அவருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுக்கிட்டுப் போய் அவர்கிட்ட சொல்லலாம்னுதான் சார் எழுந்தேன்" என்றான்.

அவன் அப்பா இப்போது இல்லை.

தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் சிரிக்க வைத்தது எல்லார் முன்னிலும் என்பதால், அவன் அனுமதியோடு இதையும் எல்லார் முன்னிலும் எழுதுகிறேன். அவன் சொன்னது சரி. நான் சொன்னது தவறு. 1983 பேட்ச் பிள்ளைகளே, இனி அந்தப் பெயரால் அவனைக் கூப்பிடாதீர்கள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை பாடத்துக்கு எதிராக எழுந்து ஏதாவது சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு யாரும் பழைய வால்வு செட்டைத் தனியாகத் திறக்காதீர்கள். தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது போல உங்களுக்கும் ஒருவர் கிடைக்கட்டும்.

ஏப்ரலில் ஊர் திரும்புகிறேன். முதலில் அவன் பட்டறைக்குத்தான் போவேன். அப்பாவின் அந்த இரண்டு ஆம்ப்களில் ஒன்று இரைகிறதாம்.

அன்புடன்,
உங்கள் பழைய பௌதிக வாத்தியார்