ஏழரைச் சனியும் எட்டாம் நம்பர் ஷூவும்

எனக்குக் கால்கள் இரண்டுதான். ஆனால் செருப்புக் கடைக்குள் நான் நுழைந்ததும் கடைப் பையன்களின் முகம் போகிற போக்கைப் பார்த்தால், மூன்றாவதாக ஒன்று எங்கேயாவது ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

விஷயம் இதுதான். என் பாதம் நீளத்தில் எட்டாம் நம்பர். அகலத்துக்கு இந்த நாட்டில் நம்பர் கிடையாது. போதாததற்கு வலது கட்டைவிரலின் அடிமுட்டி வேறு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'முறக்கால்' என்று பெயர். இந்தக் கால் எங்கள் அம்மாவின் சீதனம். அம்மாவுக்கு அதனால் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. ஆயுசுக்கும் அவள் ஷூ போட்டதில்லையே!

நானும் அப்படியே ரப்பர் செருப்பில் காலத்தை ஓட்டியிருப்பேன். ஐம்பத்தாறாவது வயதில் சர்க்கரை வந்து சேர்ந்தது. டாக்டர் மூன்று கட்டளைகள் போட்டார்.

"தினம் முக்கால் மணி நேரம் நடங்க. வெறுங்காலோட ஒரு அடிகூட வைக்காதீங்க. நல்ல ஷூவா ஒண்ணு வாங்கிக்குங்க."

முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில்தான் சனி பிடித்தது.

கடையில் எட்டாம் நம்பர் என் காலை உள்ளேயே விடவில்லை. பத்தாம் நம்பர் அகலத்தில் சரியாக இருந்தது. ஆனால் முன்பக்கம் ஒரு சின்னக் குடித்தனம் வைக்கிற அளவுக்கு இடம் காலி. நடந்தால் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கியது. நடுவில் ஒன்பது. அதில் இரும்புக் கரண்டி மாதிரி ஒன்றை விட்டு நெம்பி, காலைத் திணித்துவிட்டார் கடைப் பையன்.

"கொஞ்சம் பிடிக்குதே தம்பி!"

"தோல் பூட்ஸு சார். போடப் போட விட்டுக் குடுக்கும்."

என் மனைவியும் ஒத்து ஊதினாள்: "கல்யாணமான புதுசுல நீங்களும்தான் விறைப்பா இருந்தீங்க. போகப் போகச் சரியாகலையா?"

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பணத்தைக் கட்டினேன்.

அந்த டிசம்பரில் கொடைக்கானல் போனோம். பக்கத்திலேயே வில்பட்டியில் என் நண்பரின் வீடு. டவுனிலிருந்து இறக்கம்தான், பஸ் உண்டு, ஜீப் உண்டு. ஆனால் புது பூட்ஸ் போட்டவனுக்கு பஸ் எதற்கு? "நான் நடந்தே வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் படிப்படியாக வெட்டின வயல்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, அப்புறம் பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற ஊர்களில் வில்பட்டியும் ஒன்று. கொஞ்ச தூரம் கால் உறுத்தியது. அப்புறம் உறுத்தலே இல்லை. 'ஆஹா, பையன் சொன்ன மாதிரியே விட்டுக் கொடுத்துவிட்டது' என்று குஷியாக நடந்தேன்.

நண்பர் வீட்டில் அவருடைய அப்பத்தா, எண்பதைத் தாண்டின மனுஷி, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பூட்ஸைக் கழற்றினேன். அப்பத்தா என் காலையே பார்த்தார்.

"என்னப்பா, அட்டை கடிச்சிருச்சா?"

குனிந்து பார்த்தேன். கறுப்பு சாக்ஸ் சுண்டுவிரல் பக்கம் ஈரமாக இருந்தது. உருவினால், விரலெல்லாம் ரத்தம். தோல் வழண்டு தொங்குகிறது. அட்டையைத் தேடினோம். அட்டையும் இல்லை, கொசுவும் இல்லை.

"இம்புட்டு ரத்தம் போயிருக்கு. வலிக்கலையா உனக்கு?"

"இல்லையே அப்பத்தா..."

சொல்லி முடித்தபோதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஷூ விட்டுக் கொடுக்கவில்லை. என் கால்தான் விட்டுக் கொடுத்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். வளையும்போது பத்து கிராம் அழுத்தம் கொடுக்கிற இழையாம் அது. "தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிச்சிட்டேன்" என்றார்.

அன்றைக்கு அவர் ஒரு கதை சொன்னார். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். 'அப்படியில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் அழுத்தமும் கவனிக்கப்படாமல் போகின்றன, சேதம் அதனால்தான்' என்று எடுத்துக் காட்டியவர் அவர். பாதம் முழுக்க அழுத்தம் பரவுகிற மாதிரி மிருதுவான ரப்பர் வைத்த காலணிகளுக்காகவும் பாடுபட்டார். சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்கிற 'எம்.சி.ஆர்.' செருப்பு இருக்கிறதே, அது தொழுநோயாளிகளுக்காக வந்த அந்த வித்தையின் வாரிசுதான்.

"வலிங்கறது வாட்ச்மேன் மாதிரி சார். உங்க வாட்ச்மேன் தூங்கிட்டான். இனிமே நீங்கதான் முழிச்சிருக்கணும்" என்றார் டாக்டர்.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. அதன் பிறகு மதுரையில், அளவெடுத்துத் தைக்கிற ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். காலையில் போனவனை, "சாயங்காலம் வாங்கய்யா. பகலெல்லாம் நடந்து கால் வீங்கின அப்புறம் எடுக்கறதுதான் அளவு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் போனால், உட்கார விடவில்லை. காகிதத்தின் மேல் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் தனித்தனியாக வரைந்தார். என் பழைய பூட்ஸின் உள்தட்டை உருவி அந்தப் படத்தின் மேல் வைத்தார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரற்கடை என் கால் வெளியே!

"ஒரு வீட்டுல ரெண்டு குடும்பத்தை வச்ச மாதிரில்ல வச்சிருக்கீங்க! நம்பர்ங்கறது நீளக் கணக்குய்யா. அகலத்துக்கும் உசரத்துக்கும் யாரு கணக்குப் பாக்கறா?"

அவர் சொன்னது உண்மை. இந்த நம்பர் இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. காய்ச்சல் வந்தால் பார்லிக் கஞ்சி குடிப்பதோடு நம் சம்பந்தம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். என் காலையே அது அளந்துகொண்டிருக்கிறது!

இன்னொரு சமாசாரம். சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்முடையது அகலம் என்று தெரிந்தது. அகலத்துக்காகத் தேவைக்கு அதிகமான நீளத்தில் ஷூ வாங்கி, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு நடக்கிறோமாம். நம் நாட்டுக்கென்று 'பா' என்ற பெயரில் தனி அளவுமுறை வேண்டும் என்று அவர்கள் சிபாரிசு செய்தது 2024-ல் செய்தியாக வந்தது. படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். "முறக்கால் இல்லடி, தேசியக் கால்!"

பெரியவர் மரக்கட்டையின் மேல், என் விரல்முட்டி துருத்துகிற இடத்தில் தோல் துண்டுகளை ஒட்டி ஒட்டிப் புடைக்க வைத்து, அதன் மேல் பூட்ஸைத் தைத்தார். முன்பக்கம் வட்டமாக, விரல்கள் விரிந்து உட்கார இடம். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலி. உள்ளே விரல் பக்கம் ஒரு தையல்கூட உறுத்தாது. கயிறு கட்டுவதற்கும் பாடம் நடத்தினார்: அகலமான இடத்தில் ஒரு துளையை விட்டுவிட வேண்டும், கணுக்கால் பக்கம் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் கால் முன்னால் ஓடி, விரல் போய் இடிக்கும்.

டாக்டரும் தன் பங்குக்கு உத்தரவு போட்டிருந்தார். முதலில் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம். கழற்றிப் பார்த்துச் சிவந்திருந்தால் அந்த ஷூவே வேண்டாம். போடுமுன் உள்ளே கைவிட்டுக் கல், ஆணி பார்க்க வேண்டும். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சாக்ஸ் வெள்ளையாகவே இருக்க வேண்டும், ரத்தம் வந்தால் உடனே தெரிய. விலையைக் கேட்ட மனைவி மட்டும், "இதுக்கு வளையலே வாங்கியிருக்கலாம்" என்றாள். ஆனால் தினமும் ராத்திரி கண்ணாடியைப் பிடிப்பவள் அவள்தான்.

இந்த வருஷம் மறுபடியும் வில்பட்டி போனேன். பாதி தூரம் பஸ், பாதி தூரம் நடை. வீரம் குறைந்ததால் அல்ல, புத்தி வந்ததால். அப்பத்தா அதே திண்ணையில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பார்த்தேன். விரல்கள் விசிறி மாதிரி விரிந்து, மண்ணைக் கவ்வுகிற பாதம். சின்ன வயசில் பழனிக்கு வெறுங்காலோடு நடந்தே இறங்கின கால் என்றார். என் அம்மாவின் கால் ஞாபகம் வந்தது.

"புது பூட்ஸா?" என்றார்.

"ஆமா அப்பத்தா. அளவெடுத்துத் தச்சது. கொஞ்சங்கூட வலிக்கலை."

அப்பத்தா அசரவில்லை.

"அன்னைக்கும் இதத்தான சொன்ன? கழட்டு, பாப்போம்."

கழற்றினேன். சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவிலும் பார்த்தார்.

"ம்... வெள்ளையாத்தேன் இருக்கு. உள்ள வா, காப்பி ஆறுது" என்றார்.

"சீனி வேணாம் அப்பத்தா" என்றேன்.