முழங்கால் வலியோடு சித்தன்னவாசலுக்கு...

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். பஸ்ஸில் போகிறவர்கள் ஓவியத்தை அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடி வந்துவிடுவார்கள். காரில் வருகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; கண்ணாடியைக்கூட இறக்க மாட்டார்கள். அந்தச் சாலையின் அருமை தெரிய வேண்டுமானால் சைக்கிளில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. சென்ற தை மாதம் நான் அப்படித்தான் போய் வந்தேன்.

"ஐம்பது வயசுக்கு மேலே, அதுவும் மூட்டு வலியை வெச்சுக்கிட்டா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு தனி. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு முன் நின்றார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலமாகப் போனபோது, பதினேழு வயதுப் பெண்ணாக நானும் அதைப் பார்த்தேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினவர்கள் ஏராளம். "முன்னாடி பார் இருந்தா பிள்ளையை உட்கார வெச்சுக்கலாமே" என்று அதிலேயும் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார்கள். குரங்குப் பெடல் போட்டு நான் கற்றதும் அப்போதுதான். அதற்கப்புறம் ரேஷன், மார்க்கெட், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே சைக்கிளில்தான். யாரிடமும் "என்னைக் கொஞ்சம் கொண்டுபோய் விடுங்களேன்" என்று நான் நின்றதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. சாலையோரத்து மணலில் சைக்கிள் சறுக்கி, வலது முழங்கால் தரையில் மோதியது. பக்கத்து வீட்டம்மாள் காப்பித்தூளைக் கொண்டுவந்து காயத்தில் அப்பப் பார்த்தாள். அவளைத் தடுத்து, சோப்பும் தண்ணீரும் போட்டு மணல் துகள் எல்லாம் போகும்வரை கழுவினேன். பிறகு டி.டி. ஊசி, எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை. வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு வேளைக்குக் கால் மணி நேரம் வைத்தேன். (அடிபட்ட இரண்டு மூன்று நாளுக்கு எண்ணெய் போட்டு உருவவே கூடாது; வீக்கம் அதிகமாகும்.) காயம் ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. மாடிப்படி இறங்கினால் வலி, தரையில் உட்கார்ந்து எழுந்தால் வலி, சைக்கிளில் ஐந்து நிமிஷம் மிதித்தால் முழங்காலின் முன்பக்கம் சுருக் சுருக்கென்று குத்தல்.

"சைக்கிளை விட்டுடுங்கம்மா, வயசாகுதில்லே" என்று ஒரு டாக்டர் சொன்னார். மாத்திரையைவிட அந்த வார்த்தைதான் எனக்குக் கசந்தது. ஆறு மாதம் சைக்கிள் திண்ணையில் நின்றது. மார்க்கெட்டுக்குப் போக மகனைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அவனும் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு நேரம் இருக்கும்போதுதானே எனக்குக் கத்தரிக்காய்?

கடைசியில் ஒரு பிஸியோதெரபி அம்மாளிடம் போனேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு சைக்கிளையும் கொண்டு வாங்க" என்றார். எனக்கு ஆச்சரியம். மறுநாள் மகன் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளில் என்னை ஏறச் சொல்லி, நான் மிதிப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். "சீட்டை யாரும்மா இவ்வளவு கீழே இறக்கினது?" என்று கேட்டார். இறக்கியவர் என் வீட்டுக்காரர். நான் விழுந்த பிறகு, "ரெண்டு காலும் தரையிலே படணும், அப்பத்தான் மறுபடி விழமாட்டே" என்று அக்கறையோடு செய்த காரியம் அது. பெண்கள் சைக்கிளென்றால் கடைக்காரர்களே சீட்டை அடியோடு இறக்கித்தான் கொடுக்கிறார்கள்.

அந்த அம்மாள் விளக்கியது இதுதான். முழங்கால் எவ்வளவுக்கு மடங்குகிறதோ, அவ்வளவுக்கு முன்னால் இருக்கும் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். சீட் தாழ்ந்திருந்தால் கால் எப்போதும் மடங்கியபடியே பாரத்தை அழுத்த வேண்டும். கியர் இல்லாத என் சைக்கிள் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர் போகும். அப்படியானால் சித்தன்னவாசலுக்குப் போக மட்டும் 3,000 சுற்றுக்கு மேல்! ஒவ்வொரு சுற்றிலும் சில்லு அழுந்தினால் வலிக்காமல் என்ன செய்யும்?

சீட் உயரத்தை நீங்களும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது குதிகாலால் மிதிக்க மாட்டோம், முன்பாதத்தால்தான் மிதிப்போம். அப்போது முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் அளவு. அதற்கு மேலேயும் உயர்த்திவிட்டால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். ஒரேயடியாக உயர்த்தினால் பயமாக இருக்கும் என்று வாரத்துக்கு அரை அங்குலமாக எனக்கு ஏற்றினார்கள். இறங்குவதற்கு மட்டும் புதுப் பழக்கம் வேண்டும்: பிரேக் போட்டு, சீட்டிலிருந்து முன்னால் நழுவி ஒரு காலை ஊன்றுவது. லேடீஸ் சைக்கிளில் நடுவில் பார் இல்லாததால் அது சுலபம்.

கூடவே தொடைக்குப் பயிற்சி. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை அமுக்குகிற மாதிரி தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. மல்லாந்து படுத்து, மடக்காமல் காலை ஒரு அடி தூக்கி மெதுவாக இறக்குவது. பத்துப் பத்துத் தடவை, காலையும் மாலையும். முதல் மூன்று வாரம் ஒரு பலனும் தெரியவில்லை. நான்காவது வாரம் மாடிப்படி இறங்கியபோதுதான், அடடே, கைப்பிடியைப் பிடிக்கவில்லையே என்று நினைவு வந்தது.

மார்க்கெட் வரை ஓட்டியாயிற்று. வெளியூர்ச் சாலையில் இந்தக் கால் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் சித்தன்னவாசல்.

துணைக்கு வந்தவள் என் அண்ணன் மகள். இருபத்தெட்டு வயது, ஒன்றே கால் வயதுக் குழந்தைக்குத் தாய். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, தன் தம்பியின் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாள். விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். பின் சக்கரத்தில் சேலைத் தடுப்பு இல்லாமல் எந்தப் பெண்ணும் சைக்கிள் ஏறக் கூடாது.

ஊரைத் தாண்டினதும் செம்மண் பூமி. கண்மாய்களில் மார்கழி மழையின் மிச்சத் தண்ணீர், அதன் மேல் பனி மூட்டம், கரையில் கொக்குகள். ஒரு பக்கம் தைலமரத் தோப்பு. அந்த வாசனை குளிரில் மூக்கைத் திறந்துவிடும். இன்னொரு பக்கம் சீமைக் கருவேல முள். நடுநடுவே பாறைகள் தரையிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். முதல் இரண்டு கிலோமீட்டர் வேண்டுமென்றே மெதுவாகப் போனோம். குளிரில் இறுகியிருக்கும் மூட்டை எடுத்தவுடன் விரட்டக் கூடாது.

"அத்தை, குழந்தையைத் தூக்கிட்டு எந்திரிச்சா எனக்கு முழங்கால்லே கடக்குன்னு சத்தம் வருது. இந்த வயசிலேயே தேய்ஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

"வலி இருக்கா? வீக்கம் இருக்கா?"

"சத்தம்தான். சில நாள் லேசா வலிக்கும்."

வலியும் வீக்கமும் இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பத்தின்போது மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்கின்றன; பிள்ளை பெற்றபின் நடமாட்டம் குறைந்து தொடைத் தசையும் மெலிந்துவிடுகிறது. அந்தக் காலோடு பத்துக் கிலோ குழந்தையைத் தரையிலிருந்து தூக்கினால் முழங்கால் முனகத்தான் செய்யும். குழந்தையை முதலில் கட்டிலிலோ நாற்காலியிலோ ஏற்றி, அங்கிருந்து தூக்கச் சொன்னேன். முழங்கால் திடீரென்று வீங்கினாலோ, மடங்கிய கால் நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது கால் மடங்கி விட்டுப்போனாலோ, மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ மட்டும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடிவிட வேண்டும்.

அவள் கனமான கியரைப் போட்டு அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். "லேசான கியருக்கு மாத்திக்கோ. கால் வேகமா சுத்தட்டும், பாரம் குறைவா இருக்கட்டும்" என்றேன். எனக்குக் கியர் கிடையாது; மேடு வந்தால் இறங்கித் தள்ளுவதுதான் என் கியர். ஒரு மேட்டில் அப்படித் தள்ளிக்கொண்டு போனபோது மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன், "பஞ்சரா ஆயா?" என்று கேட்டான். ஆயாவாம்!

எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து, வாசல் திறக்கும்வரை வேப்பமரத்தடியில் இட்லியைப் பிரித்தோம். சித்தன்னவாசல் மலை பெரிய மலையல்ல. நீளமாகப் படுத்திருக்கும் பாறை. மேற்குப் பக்கம் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை. அதைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் என்று 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு சொல்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். தாமரைக் குளம்! மொட்டும் பூவும் இலையுமாக நிறைந்த குளத்தில் மீன், அன்னம், எருமை, யானை. நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். நிறைய உதிர்ந்துவிட்டது. தூண்களில் இரண்டு நடன மங்கையர் இருக்கிறார்கள். ஒருத்தியின் கை வீச்சும் இடுப்பு வளைவும் இன்னும் மங்கவில்லை. ஓட்டமாய்ப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷமாவது நிற்க வேண்டும்.

மலையின் கிழக்குப் பக்கம் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு படிகளால் வந்த பெயர். அங்கே ஒரு இயற்கைக் குகையில் சமணத் துறவிகள் படுத்த வழவழப்பான கல் படுக்கைகள் 17 இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. பள்ளிக்கூட நாளில் நான் ஓடி ஏறிய இடம் அது. இந்தத் தடவை பாதிப் படியோடு நின்றேன். நல்ல காலை முதலில் வைத்து ஏற வேண்டும், வலிக்கிற காலை முதலில் வைத்து இறங்க வேண்டும் என்பது பிஸியோதெரபி அம்மாளின் பாடம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். திரும்பிப் போக இன்னொரு 3,000 சுற்று பாக்கி இருந்தது. மருமகளை மட்டும் மேலே அனுப்பிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். கல் படுக்கை வருத்தம் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கீழே ஒரு அம்மாள் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பக்கத்தில் கூடை கட்டிய பழைய ஜென்ட்ஸ் சைக்கிள்.

"அக்கா, அறிவொளியிலே கத்துக்கிட்டதா?"

"ஆமா தங்கச்சி! கல்லு உடைக்கப் போயிட்டிருந்தப்ப கத்துக்கிட்டது. கையெழுத்தும் அப்பத்தான்" என்று சிரித்தார். பேச்சு எங்கே சுற்றினாலும் முழங்காலுக்குத்தானே வரும்? வலது கால், முன்பக்கம், மேட்டில் குத்தல். நான் அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். சீட் அடிவரை இறங்கியிருந்தது. என் பையில் எப்போதும் ஸ்பானர் உண்டு. சொல்லிப் பார்த்தேன், அரை மனசாகச் சம்மதித்தார். துருப்பிடித்த போல்ட் அசைய மறுத்தது. மேலிருந்து வந்த மருமகளும் சேர்ந்து திருகி, ஒரு அங்குலம் உயர்த்தினோம்.

ஏறி உட்கார்ந்தவர், "ஆத்தாடி, கால் எட்டலையே!" என்று அலறினார். ஒரு சுற்றுப் போய் வந்தார். இன்னொரு சுற்று. இறங்கியபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ரெண்டு நாள் ஓட்டிப் பாக்குறேன். சரிப்படலைன்னா இறக்கிப்புடுவேன்" என்றார். கடலைக்குக் காசு வாங்க மறுத்தார். நாங்கள் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, காலை நீட்டி மடக்கி, தண்ணீர் குடித்து வந்தோம். டீக்கடையில் பத்து நிமிஷம். வீட்டுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. குழந்தை தன் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோபமாகப் பாட்டி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கால் மணி நேரம் ஐஸ் வைத்தேன். மறுநாள் காலை எழுந்ததும் மூட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் விட்டுவிட்டது. வீக்கம் இல்லை. சாயந்திரம் மருமகள் வந்து ஸ்பானரைக் கேட்டாள், தம்பியின் சைக்கிள் சீட்டைத் தன் உயரத்துக்கு மாற்றப் போகிறாளாம். குடுமியான்மலை 20 கிலோமீட்டர்தானே அத்தை, மாசியில் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாமே என்கிறாள்.